வந்ததை அனுப்பினேன்

காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எனக்கு முப்பது பேர் வணக்கம் சொல்லிவிடுகிறார்கள். ரோஜாப் பூ, மலை மேல் சூரியோதயம், கைகூப்பி நிற்கும் குழந்தை, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை என்று கைபேசியில் ஒரு சின்னத் திருவிழாவே கூடிவிடுகிறது. வணக்கம் தீர்ந்ததும் வைத்தியம் ஆரம்பமாகும். வெந்தயம் தீர்க்காத வியாதி உலகத்தில் இல்லை. வெந்தயத்துக்கு அடங்காதது ஏதாவது இருந்தால், அது எலுமிச்சம் பழத்துக்கு அடங்கிவிடும். வைத்தியத்துக்குப் பிறகு தேச பக்தி. உலகத்துத் தேசிய கீதங்களிலெல்லாம் நம்முடையதே சிறந்தது என்று யுனெஸ்கோ தீர்ப்பளித்துவிட்டதாம். அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று மறுப்பு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. செய்தி மட்டும் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் ஒரு நுண்ணிய கருவி இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்று செய்தி பரவியது. நான் புதைக்கும் அளவுக்குப் பணம் வைத்திருப்பவனல்ல. ஆனாலும் ஒரு நோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2023-ல் அந்த நோட்டையே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. கருவியைக் கண்டவர் ஒருவருமில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சமாசாரங்கள். ஆனால் இவற்றில் பலவற்றின் அடியிலே ஒரு சின்ன வாக்கியம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.' எனக்குச் சிரிப்பு வராமல் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்த வாக்கியத்தின் பொருள் என்ன? 'இதை நான் சொல்லவில்லை. எனக்கு யாரோ சொன்னார்கள். உண்மையானால் என் உபகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொய்யானால் என்னை மறந்துவிடுங்கள்' என்பதுதானே? லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் சம்பந்தமில்லை என்னும் இப்படிப்பட்ட வியாபாரத்தை எந்தச் செட்டியார் கடையிலும் நடத்த முடியாது. வாட்ஸப்பில் நடத்த முடிகிறது.

பொய்யைக் கட்டிவிட்டவன் பொய்யன். அதை நம்பியவன் ஏமாந்தவன். நடுவிலே நின்று ஒருவனிடம் வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தவன் யார்? அவனுக்கு என்ன பெயர் வைப்பது?

தூதன் என்று வைக்கலாமே என்று தோன்றும். தூதனைக் கொல்லக் கூடாது என்பது பழைய தர்மம். ஓலையில் என்ன எழுதியிருந்தாலும் கொண்டு வந்தவன் பேரில் குற்றமில்லை. அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நம் எல்லாருடைய மனத்திலும் இந்தத் தர்மத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் தூதனைப் பற்றி நம்மவர்கள் வேறு சிலவற்றையும் சொல்லிவைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர் 69-ஆம் அதிகாரம் முழுவதையும் தூதனுக்கே கொடுத்திருக்கிறார். பரிமேலழகர் அந்தத் தூதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். சூழ்நிலைக்குத் தக்கபடி தானே வகுத்துப் பேசுகிறவன் ஒருவன். சொன்னதைச் சொல்கிறவன் இன்னொருவன். நாம் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்வோம். 'வந்ததை அனுப்பினேன்' என்பவன் அவன்தானே! ஆனால் அந்த வெறும் 'சொன்னதைச் சொல்கிறவ'னுக்கும் மனத் தூய்மை வேண்டும், துணிவு வேண்டும், மெய் வேண்டும் என்று இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். தன் உயிருக்கே முடிவு வந்தாலும் அஞ்சாமல் நிற்க வேண்டும் என்கிறார்கள். அவனுக்குத் தன்னை அனுப்பியவன் யாரென்று தெரியும். யாரிடம் போகிறோமென்று தெரியும். தன் முகத்தைக் காட்டி, எதிரே நின்று சொல்ல வேண்டும்.

நமக்கு அனுப்பியவன் யாரென்று தெரியாது. அது எத்தனை கை மாறி வந்தது என்று தெரியாது. உயிரை வைப்பது இருக்கட்டும், சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. தூதனுடைய பாரம் ஒன்றும் நமக்கு வேண்டாம். அவனுக்கு உள்ள பாதுகாப்பு மட்டும் வேண்டும்.

இவ்வளவு கடுமையாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். யோக்கியதை இருக்கிறது. குற்றவாளியின் யோக்கியதை.

2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தை அதில் அகப்பட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாறு கரை புரண்ட பிறகு, சில நாட்களுக்கு நகரமே காதால்தான் வாழ்ந்தது. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. கைபேசி நினைத்தால் பேசும், நினைத்தால் ஊமையாகும். கடற்கரைச் சாலையிலுள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. அப்படி ஒன்றும் இல்லை, எல்லா முதலைகளும் பத்திரமாக இருக்கின்றன என்று பண்ணைக்காரர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலையில் எனக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கத்து ஏரி ஒன்று உடைந்துவிட்டதென்றும், இன்னும் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும், தரைத் தளத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. நான் இருப்பது மாடியில். எனக்கு ஆபத்தில்லை. ஆபத்தில்லாதவனுக்கு வரும் பரோபகார உணர்ச்சி இருக்கிறதே, அது மிகவும் வேகமானது. நாற்பது பேருக்கு அதை அனுப்பினேன். கடைசி வாக்கியத்தை அழிக்கவில்லை. 'வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.' நாற்பது குடும்பங்களைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு தூங்கப் போனேன்.

ஏரி உடையவில்லை. மறுநாள் காலை அது தெரிந்ததும், நல்லவேளை என்று எண்ணிக்கொண்டேன். 'உடையவில்லை' என்று அந்த நாற்பது பேருக்கும் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. பயத்தை அனுப்புவதற்கு இருந்த அவசரம், பயம் தெளிவிப்பதற்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் என் நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவருக்கு ஒன்றுமில்லை, படுத்திருந்தது அவர் மனைவி. அந்த இரவில் இருட்டோடு இருட்டாக, முழங்கால் தண்ணீரில் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அக்கா மகன் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். வழியில் மூடியில்லாத சாக்கடை. அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"யார் ஸார் உங்களுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொன்னது?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு உண்மையாகவே நினைவில்லை.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் செய்தி சாயங்காலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். நான் சட்டை பண்ணவில்லை. ராத்திரி உங்களிடமிருந்து வந்தது. நீங்கள் விசாரிக்காமல் அனுப்ப மாட்டீர்களே என்றுதான் கிளம்பினேன்."

அவர் குரலில் கோபமில்லை. கட்டிலிலிருந்து அந்த அம்மாள், "அவர் என்ன பண்ணுவார், நல்லதுக்குத்தானே அனுப்பினார்" என்றாள். அதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை.

வீடு திரும்பும்போது எனக்கு ஒன்று விளங்கியது. நான் அனுப்பியது வந்ததை அல்ல. எனக்கு வந்தபோது அது ஊர் பேர் தெரியாத ஒரு வதந்தி. என்னிடமிருந்து போகும்போது அது என் வார்த்தை. இரண்டு முறை தலைமையாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டியும் உள்ளே நுழைய முடியாத பொய், மூன்றாவது முறை என் முகத்தை மாட்டிக்கொண்டு போய் நுழைந்துவிட்டது. 'அப்படியே' என்ற சொல்தான் அந்த வாக்கியத்தில் பெரிய பொய். எதையும் அப்படியே அனுப்ப முடியாது. நம்பிக்கை என்ற ஒன்றைச் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். அந்த நம்பிக்கையும் நம்முடையதல்ல. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் மற்றவர் நம்மிடம் கொடுத்துவைத்த பணம் அது.

எனக்கு ஒரு இடுப்பெலும்போடு போயிற்று. எல்லாருக்கும் அப்படிப் போகவில்லை. 2018 மே மாதம் 9-ந் தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள். அத்திமூர் என்ற கிராமத்தில் காரை நிறுத்தி வழி கேட்டார்கள். அந்தக் குடும்பத்து மூதாட்டி அங்கே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். நம் பாட்டிமார் எல்லாரும் செய்கிற காரியம். அந்த நாட்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைபேசிகளில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டு அடித்ததில் அந்த மூதாட்டி இறந்துபோனாள். அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி, மகாராஷ்டிரத்தில் தூலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கும் ஐந்து பேரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் சுற்றிய படம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். உண்மையில் அது கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுத்த நடிப்புப் படம். கடைசியில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, ஓர் அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். யாரோ ஒருவன் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தான். வெட்டியவன் ஒருவன். பரப்பியவர்களோ கணக்கில்லாதவர்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளிடம் அன்புள்ள தாய் தகப்பன்மார்கள் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

இதற்கெல்லாம் விஞ்ஞானத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. 2018-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகமாம். தானாக இயங்கும் போலிக் கணக்குகளின் வேலையோ என்று அவற்றை நீக்கிவிட்டும் கணக்குப் பார்த்தார்கள். வித்தியாசம் மறையவில்லை. அந்தப் போலிகள் மெய்யையும் பொய்யையும் ஒரே மாதிரிதான் பரப்பினவாம். பட்சபாதம் மனிதனுக்குத்தான்.

வாட்ஸப் கம்பெனியாரும் சும்மா இருக்கவில்லை. 2018 ஜூலையில், ஒரு செய்தி அனுப்பியவர் எழுதியதல்ல, பிறரிடமிருந்து வந்தது என்று காட்ட ஓர் அடையாளம் வைத்தார்கள். இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அந்த வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அதனால் அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவிகிதம் குறைந்ததாகவும் அவர்களே சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் இதில் நமக்கு ஒரு வெட்கமும் இருக்கிறது. இன்னும் ஒரு தடவை விரலை அழுத்த வேண்டுமே என்ற சோம்பலுக்கு நம்மில் பலர் அடங்கினோம்; மனச்சாட்சிக்கு அடங்கவில்லை.

தந்தி இருந்த காலம் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2013 ஜூலையோடு அது நம் நாட்டில் முடிந்துவிட்டது. தந்தியில் வார்த்தைக்குக் காசு. தபாலாபீசில் படிவத்தை வைத்துக்கொண்டு எந்தச் சொல்லை வெட்டலாமென்று யோசிப்போம். காசுக்காக யோசித்தது, தானாகவே அறத்துக்கும் உதவியது. இப்போது வார்த்தைக்கு விலை இல்லை. விலையை வேறு யாராவது, வேறு ஏதாவது ஊரில், கொடுக்கிறார்கள்.

"உண்மையிலேயே ஏரி உடைந்திருந்தால்? விசாரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஆள் போய்விடாதா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அவ்வளவு அவசரமானால் நாற்பது பேருக்கு விரலை அழுத்தாதே, ஒருவருக்குப் பேசு. "ஸார், இப்படிக் கேள்விப்பட்டேன், நிச்சயமாகத் தெரியாது" என்று வாயைத் திறந்து சொல். அன்று நான் அப்படிச் சொல்லியிருந்தால் தலைமையாசிரியர் என்னையே இரண்டு கேள்வி கேட்டிருப்பார். இரண்டாவது கேள்வியில் ஏரி தானாகக் கட்டிக்கொண்டிருக்கும்.

அதிலிருந்து ஒரு நியமம் வைத்திருக்கிறேன். எதை அனுப்பினாலும் அதற்கு மேலே என் சொந்தக் கையால் ஒரு வரி எழுத வேண்டும். 'இது எனக்கு இப்படித் தெரியும்' என்று எழுத முடிந்தால் அனுப்புகிறேன், முடியாவிட்டால் விட்டுவிடுகிறேன். இதன் பலனாக நான் அனுப்புவது அநேகமாக நின்றேவிட்டது. "அண்ணாவுக்கு இப்போதெல்லாம் கர்வம் வந்துவிட்டது, ஒரு வணக்கம்கூட அனுப்புவதில்லை" என்று ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளும் யாரோ சொன்னதைத்தான் சொல்லியிருப்பாள்.

தலைமையாசிரியர் மட்டும் இப்போதும் எனக்குச் செய்திகளை அனுப்புகிறார். ஒவ்வொன்றின் கீழும் 'நிஜமா?' என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பார். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். பல நாட்களில் 'தெரியாது ஸார்' என்றுதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.