நன்றியும் விலையும்

உதவியவர்க்குக் கைம்மாறு செய்ய விழைவது மனிதனின் உயர்ந்த இயல்பு. எனினும், கைம்மாறு எப்போது நன்றியாகும், எப்போது விலையாகும் என்பது ஆராயத்தக்கது.

நானுஓயாத் தோட்டத் தொழிலாளி ஒருவர், தம் மகளின் பிறப்புச் சான்றிதழைப் பெற்றுத்தந்த அரச அலுவலருக்கு விஸ்கிப் போத்தலொன்று வாங்க முனைகிறார் எனக் கொள்வோம். சாராயம் மதிப்புக் குறைவென எண்ணி, வெளிநாட்டுப் போத்தலையே தெரிகிறார். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அக்கூலியில் அப்போத்தல் பல நாள் உழைப்பாகும்.

அவரைக் குறைகூறுதல் எளிது. ஆயின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சிய பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. பத்திரத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துநின்ற மக்களுக்கு ஒரு கையொப்பமும் கருணையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பெற்றே பழகிய கை, ஒருமுறையேனும் கொடுத்து நிமிர விரும்புகிறது.

ஆயினும் கடமை வேறு, உதவி வேறு. கடமைக்குப் பரிசளிக்குமிடத்து உரிமை சலுகையாகிவிடுகிறது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அலுவலர் பெறும் அன்பளிப்பை ஐயுறுவது இதனாலேயே. இன்று மனமுவந்து அளித்த போத்தல், நாளை வரிசையில் நிற்கும் ஏழை விதவைக்கு நியதியாகிவிடும். நண்பர் ஒருவர் கடமைக்கு அப்பாற் செய்த உதவிக்கு வெளிப்படையாக அளிப்பது இதனின் வேறு. அங்கே குடியின் நன்மை தீமை மட்டுமே வினா.

ஆதலின், போத்தலைத் தெரியுமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இதனைக் கொடுக்க இயலாதவர்க்கும் அக்கதவு திறக்குமா? திறக்குமெனின் ஒரு நன்றிச்சொல் போதும். திறவாதெனின், கொடுப்பது நன்றியன்று, விலையே.