முக்கால் நாழிகை

கும்பகோணம் பக்கத்துத் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கல்லில் அரைவட்டம், நடுவே உலோக முள். முள்ளின் நிழலைப் பார்த்த கண் உடனே கைபேசிக்குத் தாவும். இரண்டும் ஒத்துப்போகாது. ‘கொஞ்சம் ஸ்லோ’ என்று தீர்ப்பாகிவிடும். அந்தக் ‘கொஞ்சம்’தான் உறுத்துகிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். மேற்கே ஒரு பாகை தள்ளினால் சூரியன் 4 நிமிடம் தாமதம். அதனால் திருவிசநல்லூரில் நிழல் சராசரியாக 12 நிமிடம், அதாவது அரை நாழிகை பின்தங்கும். ஓசூரில் ஒரு சூரியக் கடிகாரம் வைத்தால் ஏறத்தாழ முக்கால் நாழிகை. அதுவும் நிலையாக நிற்காது: பிப்ரவரி நடுவில் 33 நிமிடமாக நீளும், நவம்பர் தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கும். டைட்டன் கைக்கடிகாரம் உருவாகும் ஊரிலேயே உச்சிவெயிலும் பன்னிரண்டு மணியும் சேர்ந்து வருவதில்லை. இதில் பிழை யாருடையது?

நிழலுடையது அல்ல. அது நின்ற இடத்துக்கு உண்மையைச் சொல்கிறது. பதினாறு விரற்கடைத் துரும்பை மடித்து, நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியைத் தொடும்படி வைத்து நாழிகை கண்ட பழைய வழக்கமும் அப்படித்தான்: துரும்பு கிடக்கும் ஊரின் பொழுது அது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே நேரம் என்ற ஒப்பந்தம் இயற்கையாக இருந்திருந்தால் இவ்வளவு இழுபறி எதற்கு?

ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு ரயிலை ஓட்ட முடியுமா, அத்திப்பள்ளி தாண்டி வரும் கம்பெனி பஸ் சிப்காட் ஷிப்டுக்குச் சேருமா என்று கேட்கலாம். சேராது. ஒப்பந்தம் தேவைதான். ஆனால் வசதிக்காக ஒப்புக்கொண்டதை உண்மை என்று நினைத்து, உண்மையை ‘ஸ்லோ’ என்கிறோமே, அதுதான் கோளாறு. பசியும் தூக்கமும் வெயிலோடு போகிறவை; அவற்றையும் இந்த அளவுகோலால் தாமதம் என்று கண்டிக்கிறோம். இதுவரை வாதம் நேராக வருகிறது. இரவு ஷிப்ட் முடித்து, விடிந்தபின் ஜன்னலை மூடிப் படுப்பவரிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. நிழல் விழும் நேரமெல்லாம் அவர் தூக்கத்தில் இருப்பார். அவருடைய பொழுதை எதைக் கொண்டு அளப்பது என்பதற்கு, அந்த முள்ளிடம் மட்டுமல்ல, என்னிடமும் விடை இல்லை.