மரத்தைக் காப்பதும் பூச்சியைக் கொல்வதும்

உயிர்களை அவற்றின் அறிவு, அதாவது புலன்களின் எண்ணிக்கை கொண்டு வகுக்கும் தொல்காப்பிய மரபியல், தொட்டு உணரும் புலன் ஒன்றை மட்டுமே உடையவையாகப் புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைக்கிறது. சிதல் எனப்படும் கரையானையும் எறும்பையும் மூவறிவுயிர்களாகவும், நண்டையும் தும்பியையும் கண்ணுணர்வும் பெற்ற நாலறிவுயிர்களாகவும் அது மேலே நிறுத்துகிறது. சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் ஏறத்தாழ இதே வரிசையைச் சொல்கிறது. ஆனால் சமணத்தில் இது உயிரியல் வகைப்பாடாக மட்டும் நிற்காமல் அறத்தின் அளவுகோலாகவும் ஆகிறது: இல்லறத்தார் திரசம் எனப்படும் இயங்கும் உயிர்களைக் கொல்லுதல் ஆகாது, ஸ்தாவரம் எனப்படும் நிலைத்திணை உயிர்களுக்கும் தேவைக்கு மிஞ்சிய ஊறு செய்தல் ஆகாது.

இந்த அளவுகோலை ஒரு தென்னந்தோப்புக்குள் கொண்டு சென்றால் அது தோப்புக்காரருக்கு எதிராகவே பேசுகிறது. தென்னை ஓரறிவுயிர், அதன் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு நாலறிவுயிர். தேவைக்கு வெட்டலாம் என்று விடப்பட்ட ஒன்றைக் காப்பதற்காக, கொல்லவே ஆகாது என்று விலக்கப்பட்ட ஒன்றைக் கொல்ல நேர்கிறது. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் என்பதால், இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று.

சமண மரபு இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அது ஹிம்சையை நான்காகப் பிரிக்கும்: கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடே செய்யப்படும் சங்கல்ப ஹிம்சை, சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்வேலைகளில் நேரும் ஆரம்ப ஹிம்சை, உழவு முதலிய தொழில்களில் நேரும் உத்யோக ஹிம்சை, தாக்க வருவதைத் தடுக்கும்போது நேரும் விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விட வேண்டும். மற்ற மூன்றையும் கூடிய மட்டும் குறைக்க வேண்டும். உழும்போது கொழுமுனையில் சிக்கி மடியும் புழு எளிதாக மூன்றாம் வகைக்குள் அடங்கிவிடுகிறது, ஏனெனில் உழுபவரின் நோக்கம் அதன் சாவன்று. பூச்சிமருந்து தெளிப்பதை அவ்வாறு அடக்க முடியாது. அங்கே சாவுதான் நோக்கம். அதைத் தொழில் என்ற பெயரால் மூடுவதைவிட, விரோத ஹிம்சை என்று நேராக ஒப்புக்கொண்டு, அதற்குரிய இரண்டு நிபந்தனைகளையும் ஏற்பதே நேர்மையாகும்: எதிரே நிற்பது உண்மையிலேயே தாக்கும் உயிராக இருக்க வேண்டும், அதைத் தடுக்க வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் பயிர் நோய்களை இனங்காணும் அறிவு அறத்தின் பகுதியாகிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சி, இனிப்பான பிசுபிசுப்புக் கழிவைக் கீழுள்ள ஓலைகளின்மேல் சொரிகிறது. அந்தக் கழிவின்மேல் கரும்பூசணம் என்னும் கறுப்புப் பூஞ்சை படர்கிறது. கறுத்த ஓலையைக் கண்டு மரத்துக்கே நோய் என்று கருதுபவர் பூஞ்சைக்கொல்லியைத் தேடுவார். பூச்சிதான் காரணம் என்று கண்டவரும் கடுமையான பூச்சிக்கொல்லியை அடித்தால், அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அதை அடக்கிவரும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவியையும் சேர்த்தே அழித்துவிடுவார். வேளாண் துறையினர் சொல்லும் முறையோ எளியது: மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுவது, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்துக் கரும்பூசணத்தை உரிந்து விழச் செய்வது, குளவி பெருகும் வரை பொறுத்திருப்பது. அடிமரத்துப் பட்டையில் ஏறிய கரையான் புற்றுமண்ணைக் கண்டு பதறுவதும் பலவேளை இத்தகையதே; அங்கே அது தின்பது பெரும்பாலும் உயிரற்ற வெளிப்பட்டையை. சத்துக் குறைவாலோ வேரடியில் நீர் தேங்கியதாலோ மஞ்சளித்த ஓலைக்கு மருந்தடிப்பதில் கொல்லப்படும் உயிர்கள் எவையும் அந்த மரத்தைத் தாக்கியவை அல்ல. அறியாமல் செய்த கொலை என்று இதற்கு விலக்குக் கோர முடியாது. அறிந்துகொள்ளக் கூடியதை அறியாமல் விடுவதைச் சமணம் பிரமாதம், அதாவது கவனமின்மை என்று குற்றமாகவே எண்ணும்.

குளவியைத் துணைக்கு அழைப்பதால் கொலைப்பழி நீங்கிவிடுகிறதா என்ற கேள்வி இன்னும் நுட்பமானது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, ஆய்வகங்களில் பெருக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி வெகுவாக அடங்கியது. மனிதர் கையில் நஞ்சு இல்லை என்பது உண்மை. எனினும் தானே செய்யும் கிருதம், பிறரைக் கொண்டு செய்விக்கும் காரிதம், பிறர் செய்வதற்கு உடன்படும் அனுமதம் ஆகிய மூன்றையும் சமணம் வினையாகவே கணக்கிடுவதால், குளவியை வளர்த்து ஏவியவர் அந்தச் சாவுக்குப் புறத்தே நிற்க முடியாது. புழுவின் உடலுக்குள்ளிருந்தே அதைத் தின்று வளரும் குளவியினத்தை அருளுடைய கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப இயலவில்லை என 1860-இல் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின் குறிப்பிட்டார். படைப்புக் கடவுளை ஏற்காத சமணத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. குளவியைக் கொண்டுவந்து விட்ட மனிதரின் பொறுப்பு மட்டும் அதற்கு உண்டு. ஆயினும் நஞ்சு தேனீயையும் மண்புழுவையும் வேறுபாடின்றிக் கொல்ல, குளவி தனக்குரிய இரையை மட்டுமே தேடுகிறது. ஹிம்சையைக் குறைக்க வேண்டும் என்ற விதியின்படி பார்த்தால் குளவியின் வழியே மேல்.

குறைக்கவே முடியாத இடமும் உண்டு. சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் தென்னையின் தண்டைக் குடைந்து, துளைகளில் பழுப்புநிறச் சாறு வடிந்து, கொண்டை சாய்ந்த பிறகு, அம்மரத்தை உள்ளிருக்கும் புழுக்களோடு வெட்டி அழித்தால்தான் அடுத்த மரம் பிழைக்கும். அந்த வண்டு முட்டையிடுவது காயங்களில் என்பதால், பச்சை மட்டைகளை வெட்டாமலும் தண்டைக் கொத்தாமலும் இருந்திருந்தால் அந்த அழிவுக்கான தேவையே பெரும்பாலும் எழுந்திருக்காது. மரத்துக்கு ஊறு செய்யாமையே பூச்சிக்கும் ஊறு செய்யாமையாக முடிகிறது.

அலங்காரப் புல்வெளிக்கு இந்த வாதங்கள் எவையும் பொருந்தா. அங்கே பிழைப்பு இல்லை. எனவே உத்யோகம் என்ற பெயர் இல்லை. வேர்ப்புழு தின்று ஆங்காங்கே காய்ந்த அருகம்புல்லால் எவருக்கும் பசி வருவதில்லை. பயனின்றிச் செய்யும் தீங்கை விடுதல் என்னும் அனர்த்த தண்ட விரதத்தை விளக்கும் இரத்தினகரண்ட சிராவகாசாரம், காரணமின்றி மண்ணைக் கிளறுவதையும் செடிகளைக் கொய்வதையுங்கூட அதில் சேர்க்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் நடக்கிறது. செடி கொய்வதே குற்றமெனில், ஒரே சீரான பச்சைக்காக மண்ணுக்குள் நஞ்சை ஊற்றுவதற்கு இடமே இல்லை. புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுவதும், இரவு முழுதும் ஈரம் தங்காதபடி காலையில் நீர் பாய்ச்சுவதும் பூஞ்சை நோய்களைப் பெரிதும் தடுக்கும்; அதற்கு மேலும் சில திட்டுகள் காய்ந்தால் காயட்டும். தெளிப்பவர் கூலிக்கு வந்த தோட்டக்காரர், வீட்டுக்காரர் மருந்துப் புட்டியைத் தொடவே இல்லை என்றாலும், காரிதம் என்ற கணக்கில் அந்த வினை வீட்டுக்காரருடையதுதான்.