மௌனம் சம்மதமா?

பொட்டிபுரத்துப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு இது. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த ஒரு பெண், இனி மலைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். துருவிக் கேட்டதில் கங்காணியின் நடத்தை வெளியே வந்தது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "நாலு மாசமா வாயைத் தெறக்காம இருந்துட்டு இப்பச் சொன்னா எப்படித் தாயி?" அவள் பதில் சொல்லவில்லை. பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழி அந்தச் சிரிப்பில் இருந்தது.

அந்தப் பழமொழியை நான் வெறுக்கிறேன். கல்யாணப் பேச்சில் தலைகுனிந்து நின்ற எத்தனை பெண்களின் வாழ்க்கையை அது கெடுத்ததோ!

ஏலத்தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காயோ தூரில், தரையோடு படர்ந்த சரத்தில். குனிந்து காய் எடுப்பவள் அடுத்த வரிசைக்காரியின் கண்ணுக்குத் தெரியமாட்டாள். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்ச் செய்யும் வேலை. நாளைக்கு ஜீப்பில் இவளுக்கு இடம் உண்டா என்று தீர்மானிக்கிறவனும் அதே கங்காணிதான். சாட்சியில்லாத இடத்தில், சோற்றைக் கையில் வைத்திருப்பவனைப் பற்றி அவள் யாரிடம் பேசுவது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013-ஆம் வருஷத்துச் சட்டம், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியையும் வேலையிடம் என்றே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடமானால் ஜில்லா கமிட்டியிடம் போகலாம். எழுதத் தெரியாதவளுக்கு எழுத உதவவேண்டியதும் கமிட்டியின் கடமை. நல்ல சட்டம்தான். ஆனால் மூன்று மாதத்துக்குள் சொல்லவேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம். வீடு தேனி ஜில்லாவில், தோட்டம் இடுக்கி ஜில்லாவில். சட்டமும் நம் பெரியவரைப்போல நாளைத்தான் எண்ணுகிறது.

படிக்காத கூலிக்காரி, அதனால் பயந்தாள் என்பீர்களோ? கலிபோர்னியாவில் அக்டிவிஷன் பிளிசார்ட் என்ற வீடியோ கேம் கம்பெனிமீது 2021 ஜூலையில் அரசாங்கத் துறை வழக்குப் போட்டது. கம்பெனி மறுத்தது, 2023-இல் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. ஆனால் வழக்கு வந்த பிறகுதான் பலர் தங்களுக்கு நேர்ந்ததை வெளியே சொன்னார்கள். அந்த மாதமே வேலையை விட்டு வெளிநடப்பும் செய்தார்கள். அவர்களுக்கு என்ன, கம்ப்யூட்டர் படிப்பு இல்லையா, கைநிறையச் சம்பளம் இல்லையா?

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துத் திண்டுக்கல் ஜில்லாவில், ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன: முறையிட்டவளைப் பழிவாங்கக்கூடாது, ஆலை வாக்குத் தவறினால் வியாபாரம் அடிபடும். முதல் வருஷத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட முறையீடுகள்! நேற்றுவரை ஊமையாயிருந்த அதே பெண்கள்தாம். அவர்கள் அதுவரை சம்மதித்தா இருந்தார்கள்?

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "சரி தம்பி. ஜீப்புல கூடப் போனவளுக அத்தனை பேருக்கும் அவன் யோக்கியதை தெரியுமாம்ல? அவளுக ஏன் பேசல?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவுகளும் நாளைக்கு ஜீப்பு ஏறணும்ல, பெரியப்பா?"