தண்டின் இரு முனைகள்

தில்லையிலே திருவோடு வனைந்து அடியார்க்கு வழங்கியவர் திருநீலகண்ட நாயனார். அவர் பரத்தை வீட்டுக்குப் போய்வந்ததை அறிந்த மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென்றார். அவர் பன்மையிற் சொன்னதால் நாயனார் எல்லாப் பெண்களையும் மனத்தாலும் தீண்டாத விரதம் பூண்டார்.

அடியார்களே! இந்த ஆணையைப் பலரும் வியந்து பேசுவர். அதன்பின் வந்த நெடுங்காலமல்லவோ பெரிது! முதுமை வரைக்கும் ஒரே வீடு. அயலார் எவரும் அறியவில்லை. அம்மையார் மனைப்பணி ஒன்றையும் குறைக்கவில்லை. நாயனாரின் தொண்டும் நிற்கவில்லை. கோபமிருந்த வீட்டிலும் உலை கொதித்தது. மட்டக்களப்பு வாவியிலே இரவு முழுதும் வலைபோட்டு விடிய வரும் கணவனுக்குச் சோறு மூடிவைக்கும் பெண்களுக்கு இது விளங்கும். முதல்நாட் பேச்சு முறிந்திருந்தாலும் சோறு அங்கே இருக்கும்.

முதுமையில் இறைவன் சிவயோகியாராய் வந்து ஓடொன்றைக் கொடுத்து, தாமே அதை மறைத்தருளினார். பின், மனைவி கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். கைபற்ற இயலாத காரணத்தை, தம் பழைய பிழையோடு, நாயனார் ஊரறியச் சொல்ல நேர்ந்தது. அந்த வயதில் அது எளிதா? மூங்கில் தண்டின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அம்மையாரும் பற்றி மூழ்கினர், இளமையோடு எழுந்தனர்.

12ஆம் நூற்றாண்டிலே இதைப் பாடிய சேக்கிழார் அம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை. தை விசாகத்தில் வரும் நாயனார் குருபூசையன்று விளக்கேற்றுவோர், அந்த அம்மையாருக்காகவும் ஒரு திரி சேர்த்து ஏற்றலாம்.