கறுப்புத் திரையும் கைநாட்டும்

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்த பலருக்கு அந்த நிமிடம் தெரியும். பென்டிரைவைச் செருகியாயிற்று. பட்டியல் வந்தது, என்டரைத் தட்டியாயிற்று. திரை ஒருமுறை மின்னியது. பிறகு ஒரே கறுப்பு. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கிறோம். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, "செத்துப்போச்சு" என்கிறோம்.

விவரம் தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் ஓடுகிறது என்று பொருள். நிறுவி முடித்த கணினி இப்படி இருண்டால், எப்படியாவது உள்ளே நுழைந்து அதன் பதிவேட்டைப் புரட்டுவார்கள். எது எழுந்தது, எது எழவில்லை, எங்கே தடுக்கியது என்று அது வரிவரியாகக் குறித்து வைத்திருக்கும். நாம் செத்துப்போச்சு என்று சொன்ன நேரத்திலும் அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டில் பழுது இருக்காது, லினக்ஸின் மையமான கெர்னலிலும் இருக்காது. ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்குப் புரியவைக்கிற டிரைவர்தான் இல்லாமல் இருக்கும், அல்லது அந்தக் கார்டுக்குப் பொருந்தாமல் இருக்கும். டிரைவர் சரியாக இருந்தும், அதில் கையொப்பம் இல்லையென்று செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு.

இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. துவக்கப் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது. திரையை நீ அலங்கரிக்க வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தோடு எழுந்திரு என்று கெர்னலிடம் சொல்வது போல. படம் கொஞ்சம் மங்கலாக, அகலம் குறைந்து வரலாம். ஆனால் பெரும்பாலும் வரும். சரியான டிரைவரை அதன் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த டிரைவர் எல்லாக் கார்டுக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. என்விடியா நிறுவனம் தன் கார்டுகளின் உள்விவரங்களை நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. இன்ன கட்டளைக்கு இன்ன அசைவு என்று வெளியிலிருந்தே கவனித்துக் கவனித்து, தன்னார்வலர்கள் 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது கெர்னலுக்குள் சேர்ந்தது. நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது 2022இல்.

லினக்ஸைப் பற்றி அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் உலகுக்கு முதலில் சொன்னது 1991 ஆகஸ்ட் 25 அன்று. ஹெல்சின்கியில் அப்போது அவர் மாணவர். அவர் எழுதியது தொடக்கத்தில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகத்தான் ஓடியது. அதே 1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் போய்வந்த பெண்கள், பொழுது சாய்ந்தபின் விளக்கடியில் 'அ' எழுதினார்கள்.

அதுவரை அவர்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'கைநாட்டு'. கையெழுத்து இல்லாததால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள். ஊர் பார்த்தது கறுப்புத் திரையை மட்டும். வாங்கிய கடனும் வட்டியும், உடைத்த கல் எத்தனை லோடு என்பதும், எந்த மழைக்கு எதை விதைப்பது என்பதும் விரல் மடிப்புகளில் வரி பிசகாமல் பதிவாகி இருந்தன. அறிவொளி அவர்களுக்குள் அறிவை ஊற்றவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததற்கும் வெளி உலகத்துக்கும் நடுவே எழுத்தைக் கொண்டுபோய் வைத்தது.

கூடவே சைக்கிளும் வந்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டப் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கத் தோதாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 'நோமோட்செட்' என்று தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். பொருத்தமானது வரும்வரை கிடைத்ததில் கிளம்பிவிடுவது.

'இது மக்கு', 'அதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று நாம் யாரையோ தினமும் தீர்ப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பையனை, வங்கிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் கிழவியைப் பார்த்து. இருட்டு அவர்களுக்குள் இல்லை, அவர்களுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பதில் பாதி நம்முடையது. நூவோ எழுதியவர்கள் கார்டைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதன் மொழியைத் தாங்கள் கற்றுக்கொண்டார்கள்.

பவர் பட்டனுக்குக் கை போகும் முன், கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.