சாவா மூவாப் பேராடு

"நான் கண்ணை மூடின பிறகும் நான் சொன்னதுதானே நிக்கும்?"

தர்மத்துக்கு எழுதிவைக்க வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கும்பகோணம் பக்கம் 38 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். "சந்திர சூரியர் உள்ளவரைக்கும் நிக்கும்" என்று வாயால் சொல்லி, அதையே பத்திரத்திலும் எழுதுவேன். ஒருநாளும் நாக்கு தடுக்கியதில்லை. தடுக்கியது என் தாத்தாவின் பத்திரத்தில்.

தாத்தா மூன்று மா நஞ்சையைத் தண்ணீர்ப் பந்தலுக்கு எழுதிவைத்தார். பங்குனி முதல் வைகாசி முடிய, ஊர் முச்சந்தியில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீரும் நீர்மோரும், வண்டிமாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீரும். எந்த இடம், எத்தனை பானை என்பது வரை சொல்லியிருக்கிறார். பிறகு புறவழிச்சாலை வந்தது, முச்சந்தி ஓய்ந்தது. நாலு வருஷம் முன்னால் ஒரு சித்திரை மத்தியானம் பந்தலில் நானே உட்கார்ந்திருந்தேன். கறிவேப்பிலை மிதக்க மோர் பானையின் விளிம்புவரை நின்றது. வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். சாயங்காலம் மோரைத் தென்னைமரத்தடியில் கொட்டினேன். மாட்டுத் தொட்டியில் பாசி.

அங்கிருந்து அரை கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிப் பெண்கள் வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு. "பானையை அங்க கொண்டுபோய் வச்சா என்ன பெரியப்பா?" என்றான் தம்பி மகன். "பத்திரத்துல முச்சந்தின்னு இருக்குடா" என்றேன். பத்திர எழுத்தன் வேறென்ன சொல்வான்?

அந்த பதிலோடுதான் கிளீவ்லாந்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். நம்மவர்களுக்கு அந்த ஊர் என்றால் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனை. 1978 முதல் நடக்கிறது. ஆனால் எனக்குள் ஒட்டிக்கொண்டது கச்சேரி அல்ல, மகள் காட்டிக் கதை சொன்ன இன்னொன்று: கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன். ஒரு வட்டாரத்து மக்கள் விட்டுப்போகும் சொத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அந்த வட்டாரத்துக்கே செலவிடும் பொது அறக்கட்டளை. இந்த வகையில் உலகத்திலேயே முதலாவது.

அதை 1914 ஜனவரி 2 அன்று தொடங்கியவர் ஃபிரெடரிக் காஃப். வக்கீலாக இருந்து வங்கித் தலைவரானவர்; உயில்களோடு புழங்கியவர் என்பதால் எனக்கு ஒருவகையில் தொழில் உறவு. அவரை உறுத்தியதும் இதுதான்: செத்தவரின் கை. உயிர் போன பிறகும் அந்தக் கை பெட்டியின் மேலேயே கிடக்கிறது. எடுத்துவிட யாருக்கும் அதிகாரமில்லை. செயிண்ட் லூயிஸில் மேயராக இருந்த பிரயன் முல்லன்ஃபி 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்காகத் தன் சொத்தில் மூன்றிலொரு பங்கை விட்டுப்போனார். பின்னால் ரயில் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போவோர் அற்றுப்போனார்கள், பணம் தேங்கியது. மகள் இதைச் சொன்னபோது என் கண்முன் நின்றது எங்கள் மோர்ப்பானை.

காஃப் கண்ட வழி எளிது. கொடுத்தவரின் விருப்பம் பயன்படும்வரை அதன்படியே நடப்பது. காலம் அதைச் செல்லாததாக்கிவிட்டால், அன்றைக்கு இருப்பவர்கள் கூடி அதே வட்டாரத்தின் வேறொரு தேவைக்குத் திருப்புவது. பணத்தை வைத்திருந்தது வங்கி. எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது ஐந்து பேர் குழு. அந்த ஐவரில் சிலரை வங்கியும் மற்றவர்களை மேயரும் நீதிபதிகளும் நியமித்தார்கள். பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். ஊருக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார்கள்: தொடக்க வருஷங்களில் பள்ளிக்கூடங்களை ஆராய்ந்தார்கள், 1921இல் குற்ற வழக்குகள் நடக்கும் லட்சணத்தை. பிற்பாடு 2008 வாக்கில், வேலையற்றுப்போன பேட்டைகளுக்காகத் தொழிலாளர்களே முதலாளிகளாகும் கூட்டுறவுகள் உருவாகத் துணை நின்றார்கள். அதில் ஒன்று மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைச்சாலை. 1914இல் உயில் எழுதியவர் யாரும் மருத்துவமனைப் படுக்கை விரிப்பை நினைத்திருக்க மாட்டார்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அன்னதானத்துக்கு எழுதிய தோப்பு, "காலம் மாறிப்போச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் சொந்தக்காரரின் கல்யாண மண்டபமானதை நான் பார்த்திருக்கிறேன். செத்தவர் கை பிடிவாதம் பிடிக்கும். ஆனால் பையில் போட்டுக்கொள்ளாது. உயிரோடிருக்கும் கைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வார்த்தையைக் காப்பது அறமா, வார்த்தை எதற்காகச் சொல்லப்பட்டதோ அதைக் காப்பது அறமா?

எனக்கு விடை கிடைத்தது நம் கல்வெட்டுகளில். சோழர் காலத்தில் கோவிலுக்கு நந்தாவிளக்கு வைக்கிறவர்கள் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று விடுவார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா? சாகும், மூப்படையும். அந்த இடத்துக்குக் குட்டி வரும். எண்ணிக்கையும் நெய்யும் குறையாதவரை, எந்த ஆடு செத்தது என்று யாரும் கேட்பதில்லை. தாத்தாவின் பத்திரத்தில் முச்சந்தியும் மாட்டுத் தொட்டியும் ஆடுகள். மூத்துச் சாக வேண்டியவை. அளக்க வேண்டிய நெய், தாகத்துக்குத் தண்ணீர். செத்த ஆட்டை நான் கயிறு கட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கல்வெட்டுகளின் முடிவில் இரண்டு விஷயம் வருவதுண்டு. ஒன்று சாபம்: தர்மத்தைக் கெடுப்பவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். மற்றது பணிவு: காப்பாற்றப்போகிறவர்களின் பாதங்களைக் கொடுத்தவர் தன் தலைமேல் வைத்துக்கொள்வார். அரசனே ஆனாலும், முகம் தெரியாத பின்னாள் மனிதர்களுக்குத் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறான். காஃப் பயந்தது பெட்டிமேல் கிடக்கும் கையை. நம்மிடம் அதற்கு மாற்றாகக் குனிந்த தலை இருந்திருக்கிறது. எங்கள் தொழிலில் சாபத்தை வைத்துக்கொண்டு பாதத்தை விட்டுவிட்டோம்.

ஊர் திரும்பியதும் பங்காளிகளைக் கூட்டிப் பேசி, இடத்தை மாற்ற அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். உத்தரவு வரும்வரை முச்சந்தியில் பத்திரப்படி பானைகள். வேப்பமரத்தடியில் எங்கள் கைக்காசில் ஒரு பானை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அது காலியாகிவிடுகிறது.

இப்போதெல்லாம் தர்மப் பத்திரங்களில் நான் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: நோக்கம் பயனற்றுப்போனால், அதற்கு நெருங்கிய நற்காரியத்துக்கு அன்றைய பொறுப்பாளர்கள் திருப்பலாம், கணக்கை ஊரார் பார்வைக்கு வைக்க வேண்டும், அவர்கள் பாதம் என் தலைமேல் என்று. போன மாதம் ஒரு பெரியவர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"என் தலையில யாரு காலைய்யா வைக்கிறீரு?"

"அவங்க இன்னும் பொறக்கல, ஐயா."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.